மதலேன் அக்காவின் சுவரில் ஒரு கல் குறைவு

என் அருமை மச்சான்,

வலது கையை நெஞ்சிலும் இடது கையை இன்று காலை பேக்கரியில் வாங்கிய ரோஸ் பாணிலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இந்த மடலில் நான் சொல்லப்போகும் கதையைக் கண்டி மாநகரில் ஒரு குஞ்சும் நம்பாது. இரண்டு கையும் சத்தியத்தில் இருக்கும்போது எந்தக் கையால் எழுதுகிறாய் என்று கேட்காதே. இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டே என் பத்து நல்ல கதைகளைக் கொன்றவன் நீ.

காலையில் யன்னலைத் திறந்தேன். ஈரச் சீமெந்தின் மணம் முகத்தில் அறைந்தது. நம் தொடர்மாடிக்கு எதிரே இரண்டாவது தொடர்மாடி எழும்புகிறது. கீழ் லயத்து வரிசை வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். கலவை இயந்திரம் சுற்றுகிற சுற்றில் ஏரித் தண்ணீர் அலையடித்து, ஆமைகளெல்லாம் புத்தரின் பல் இருக்கும் மாளிகை வாசலுக்கு ஏறி வந்துவிட்டதாகக் கேள்வி. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கை தன்பாட்டுக்கு இரண்டாவது கோப்பையிலும் தேத்தண்ணி ஊற்றிவிட்டது. வேலை முடிந்து நீ வரும்போது உனக்கு முன்னால் வந்து கதவைத் தட்டுகிற மணம் அல்லவா அது. இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன். உன் கோப்பையில் சீனி குறைவு.

நம் பழைய மேட்டு லயத்தைப் பற்றிப் புதியவர்களிடம் சொன்னால் அதையும் என் புளுகுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரே தகரக் கூரை, அதன் கீழே இருபத்திரண்டு வீடு என்கிறேன். சரி என்கிறார்கள். வீட்டுக்கு வீடு சுவர் இருந்தது, ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகாது, ஆள் உயரத்துக்கு மேல் எல்லாம் திறந்த வெளி என்கிறேன். அங்கேதான் சிரிப்பு. முதல் வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டில் வெறுஞ்சோறு இறங்கும். ஒருவன் தும்மினால் இருபத்தொரு வீட்டிலிருந்து ஆசீர்வாதம் வரும். கழிவறை இரண்டே இரண்டு. காலை வரிசையில் நின்றபடியே பெண் பார்த்து, பொருத்தம் பேசி, நாள் குறித்த கல்யாணங்கள் மூன்று. அதில் ஒன்று உன்னுடையது என்று நான் சொல்வதை நீ கடைசிவரை மறுத்தாய்.

ஆனால் அந்த லயத்துக்காக நீ ஒருநாளும் கண்ணீர் விட்டதில்லை. யாராவது பழசை நினைத்து உருகினால், "ஒரு ஐப்பசி மழைக்கு அங்க குடி வச்சுப் பாருங்க, உருக்கம் எல்லாம் ஒழுகிப் போயிரும்" என்பாய். வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு சமைத்த சாதி நாம்.

மூன்றாம் வீட்டில் மதலேன் அக்கா. தனி ஆள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். முட்டு வருத்தக்காரர், மூச்சிழுப்பு. நாலாம் வீட்டில் மனைவி மகளோடு நீ, ஊரெல்லாம் மேசன் பாஸ் என்று கூப்பிட்ட கொத்தனார் நீ. ஐந்தாம் வீட்டில் நான். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, கோயில் திருவிழாவிலிருந்து மரண அறிவித்தல் வரை கண்டிக்கும் கண்டியைச் சூழ்ந்த பதினான்கு உலகங்களுக்கும் அறிவித்துவந்த மாபெரும் குரலோன். என் குரல் பேராதனையில் கேட்டு, பல்கலைக்கழகத்தில் பரீட்சையை நிறுத்தியிருக்கிறார்கள். இதை நீ மட்டும்தான் நம்பவில்லை.

அக்காவின் இருமல் காலை ஐந்து மணிக்கு வரும். பஸ் நிலையத்து மணிக்கூடு பிந்தும், அது பிந்தாது. நாலைந்து இருமல், ஒரு செருமல், பிறகு "சேசுவே" என்று ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டுத்தான் லயமே எழும்பும். ஒரு அடைமழைக் காலத்துக் காலை அது வரவில்லை. எல்லோரும் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று புரண்டு படுத்தோம். நீ மட்டும் வாயில் பற்பசையோடு தண்ணீர்ப் பீப்பாயில் ஏறி, சுவருக்கு மேலால் அந்தப் பக்கம் பாய்ந்தாய். நான் சொல்லும்போது நீ ஏழு வீட்டை ஒரே பாய்ச்சலில் தாண்டுவாய். பாய்ந்தது ஒரு சுவர்தான். இறங்கும்போது தையல் மெஷினில் இடித்து முழங்காலை உடைத்துக்கொண்டதும் உண்மைதான். மூச்சு விட முடியாமல் நீலம் பாரித்துக் கிடந்த அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அக்காவைவிட நீதான் மோசமாக நொண்டினாய்.

அதனால்தான், லயத்தை இடித்துவிட்டு எல்லோருக்கும் தொடர்மாடியில் வீடு என்று வீடமைப்பு அலுவலகத்து ஆட்கள் வந்து படம் விரித்துக் காட்டிய நாளில், இருபத்தொரு வீடு கைதட்டியது, ஒரு வீடு தட்டவில்லை. தனித் தண்ணீர்க் குழாய், தனிக் கழிவறை, தனிச் சாவி. நான் அந்தக் கழிவறைப் படத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றேன். அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. சுவர் எதுவரைக்கும் போகும்? கூரைத் தட்டு வரைக்கும் முழுசாகப் போகும், அடுத்த வீட்டில் வெடி வெடித்தாலும் கேட்காது என்று படம் காட்டியவர் பெருமையாகச் சொன்னார். பாவம், அவர் நல்லது சொல்வதாக நினைத்தார்.

அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "என் இருமலக் கேக்க ஆளில்லாத வீடு எனக்கு வேணாம்."

இருபத்திரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் லயத்தில் கை வைப்பார்கள். ஒன்று குறைந்தால் இன்னொரு மழைக்காலம் ஒழுகலில் போகும். கோபம் கிளம்பியது. ஒரு கிழவியின் இருமலுக்காக நூறு பேர் நனைவதா என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அக்காவின் வாசலில் கூடி நின்ற கூட்டத்தை நான் பிற்காலத்தில் யானை ஊர்வலப் பெரஹெராக் கூட்டத்தோடு ஒப்பிட்டு, யானைகளும் நின்றதாகச் சொல்லிவந்தேன். யானை இல்லை. பிளிறல் இருந்தது. நீ நடுவில் போய் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாய்: "அக்கா சொல்றதுல என்ன பிழைன்னு யாராச்சும் சொல்லுங்க, நானே இப்பக் கையெழுத்து வாங்கித் தர்றேன்." ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைப் போல நிமிர்ந்த ஒரு சுவரை நீகூடக் கட்டியதில்லை.

பிறகு அக்காவிடம் திரும்பி, இருமல் கேட்கிற மாதிரிச் சுவர் நான் கட்டித் தருகிறேன் என்றாய். அக்கா பைபிளை நீட்டினார். நீ அதைக் கும்பிட்டுவிட்டு, சுவர் நிமிர்வு பார்க்கிற தூக்குக்குண்டைப் பையிலிருந்து எடுத்து நூலைப் பிடித்துக் காட்டி, "இது மேல சத்தியம்" என்றாய். குண்டு ஆடி நிற்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றதும் கையெழுத்துப் போட்டார்.

கட்டடத்தில் உன்னையே மேசனாக எடுத்துக்கொண்டார்கள். நாம் எல்லோரும் ஊருக்குள் தற்காலிக வாடகை வீடுகளில் ஒதுங்கியிருந்தபோது, நான் தினமும் வந்து வேலையை மேற்பார்வை செய்தேன். என் மேற்பார்வை இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் பிலிமத்தலாவைப் பக்கம் சாய்ந்திருக்கும். தரையோடு இருக்கும் கீழ்த் தட்டில் மூன்றாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் இடைச் சுவர் உன் கையால் எழும்பியது. கூரைத் தட்டுக்கு ஒரு வரி கீழே, நீ ஒரு கல்லை வைக்காமல் விட்டாய். ஒரே ஒரு கல். லயத்தில் மூன்றாம் வீடு அக்காவுடையது, நாலாம் வீடு உன்னுடையது. புதிய இடத்திலும் அதே வரிசைதானே என்பது உன் எண்ணம். உன் எண்ணம் என்ன, நம் எல்லோருடைய எண்ணமும் அதுதான். தலைமுறையாக ஒரே வரிசையில் வாழ்ந்தவர்களுக்கு வரிசை மாறும் என்று எப்படித் தோன்றும்?

பார்வையிட வந்த இஞ்சினியர் மிஸ் அந்த ஓட்டையைக் கண்டுவிட்டார். சின்ன வயது. தலையில் மஞ்சள் தொப்பி. படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "இது என்ன, பாஸ் உன்னஹே?" என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். கல் முடிந்துவிட்டது, மறந்துவிட்டேன் என்று ஏதாவது சொல்லித் தப்பலாம். நானாக இருந்தால் புறா வளர்க்கிறோம் என்றிருப்பேன். நீ உள்ளதைச் சொன்னாய். சொன்னதோடு நில்லாமல் அக்காவைக் கூட்டிவந்து ஒரு வீட்டில் நிறுத்தி, மிஸ்ஸை மற்ற வீட்டில் நிறுத்தி, இருமச் சொன்னாய். அக்காவுக்கு வெட்கம். நாள் முழுக்க இருமுகிறவருக்கு அன்று பார்த்து இருமல் வரவில்லை. கடைசியில் கட்டடத் தூசிதான் கைகொடுத்தது.

மிஸ் அதைக் கேட்டுவிட்டு ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு உன்னை ஏசினார். ஓட்டை வைப்பதென்றால் ஒழுங்காக வைக்க வேண்டாமா, மேலே தாங்கு எங்கே, எலி வராமல் கம்பிவலை எங்கே? ஏசி முடித்து, பென்சிலால் படத்தில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் கீறிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு அழகாக உன்னை யாரும் ஏசி நான் கண்டதில்லை. நீ அன்று முழுக்கச் சிரித்தபடி பூச்சுப் பூசினாய்.

அதற்குப் பிறகுதான் இடி. வீடுகளைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்களாம். யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் இருக்க அதுதான் நியாயமாம். நியாயம்தான், யார் இல்லையென்றது? தகரப் பெட்டிக்குள் கை விட்டோம். கீழ்த் தட்டு மூன்று உனக்கு விழுந்தது. கீழ்த் தட்டு நாலு எனக்கு. மதலேன் அக்காவுக்கு நாலாம் மாடி. ஊரிலேயே பெரிய வாயனுக்கும் ஊரிலேயே பெரிய காதுகாரனுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது அந்த ஓட்டை.

நீ அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். மச்சான், அந்தப் பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணக்கு ரொம்பச் சுலபம். என் நாலாம் வீட்டை அக்காவுக்குக் கொடுத்து நான் மேலே போனால், ஓட்டைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நீ. எல்லாம் சத்தியப்படி. என் கால்கள் நல்ல கால்கள். உன் முழங்கால் அந்தத் தையல் மெஷினோடு போனது. போதாதற்கு நாற்பது வருஷம் குந்தியிருந்து கல் வைத்த முழங்கால். ஆனால் கீழ்த் தட்டில் வண்டியை வாசலிலேயே நிறுத்தலாம், யன்னலில் நின்றே ஊரோடு பேசலாம். எனக்கு முதுகுவலி இருப்பதை நான் கண்டுபிடித்தது அந்த நிமிஷத்தில்தான். இடுப்பில் கையை வைத்து, முனகினேன். நல்லாவே முனகினேன்.

அக்காவிடம் போய் உன் சீட்டைக் கொடுத்து அவருடைய சீட்டை வாங்கிக்கொண்டாய். உன் மனைவி உன்னை முறைத்தார், பிறகு என்னை முறைத்தார். இரண்டாவது நீளமாக இருந்தது. "நாலாம் மாடியில இருந்து பார்த்தா ஹுன்னஸ்கிரிய மலை தெரியும் மச்சான், எங்கப்பா தேயிலக் கொழுந்து நிறுத்த பக்கம்" என்று என்னைத்தான் நீ சமாதானப்படுத்தினாய். படியில் கால் வைக்குமுன் ஒரே ஒரு வேலை வைத்தாய்: "காலையில கொஞ்ச நேரம் வாய மூடிக்க. அது போதும்."

அது போதுமாம்! மலையைத் தூக்கு என்றால் தூக்கியிருப்பேன்.

ஐந்து மணிக்கு அக்காவின் இருமல் என் தலைமாட்டிலேயே வந்து உட்கார்ந்தது. இருமல் முடிந்தால் செபமாலை. செபமாலை முடிந்தால் தையல் மெஷின். ஒன்பதாம் நாள் பழைய பத்திரிகையைச் சுருட்டி, கதிரையில் ஏறி, கம்பிவலையில் அடைத்துவிட்டுச் சக்கரவர்த்தியைப் போலத் தூங்கினேன். நீ வழக்கம்போல நாலு மாடியையும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, அக்காவின் இருமல் கேட்டதா என்று கேட்டாய். கேட்டதே, இன்றைக்கு ஆறு இருமல், ஐந்தாவது கொஞ்சம் சுருதி விலகியது என்றேன். நீ தேத்தண்ணியைக் குடித்தபடி மேலே பார்த்தாய். கோப்பையை வைத்தாய். அந்த முழங்காலோடு கதிரையில் ஏறினாய். பத்திரிகையை உருவி, மடிப்புகளை நீவிவிட்டு, என் கையில் தந்தாய்.

"வாசிச்சு முடிக்கலியோன்னு பார்த்தேன்" என்றாய். அவ்வளவுதான். பொய்யன் என்று திட்டியிருந்தால் ஒரு மாதம் உன்னோடு சண்டை போட்டு மகிழ்ந்திருப்பேன். நீ மறுபடியும் படியேறிப் போன சத்தம் எனக்கு மேல் மாடி வரைக்கும் கேட்டது. அடைப்பை எடுத்ததும் காதுக்கு எவ்வளவு கேட்கிறது!

அன்றிலிருந்து அந்த ஓட்டையை நான் அடைக்கவில்லை. இதை நீ நம்பினாயோ என்னவோ, தினமும் இறங்கி வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷம் வந்தாய். பிறகு ஒரு ஞாயிறு முற்பகல், குளித்துவிட்டு மலையைப் பார்த்துக் கதிரையில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. உன் மகள் படியில் ஓடி வந்தாள். அறிவித்தல் செய்ய வேண்டியவன் நான்தான். ஒரு பலசரக்குக் கடைக்காரர் இறந்தபோது அவரைப் பாரி வள்ளலுக்கு அண்ணனாக்கியவன் நான். உனக்கு மட்டும் பெயர், தொழில், நேரம், அவ்வளவுதான் வந்தது. ஊரில் பலர் ஒலிபெருக்கி பழுது என்று நினைத்தார்கள்.

இனி, நீ அறியாதது. போன மாதம் ஒரு மழைக் காலை. நான் விழித்துத்தான் கிடந்தேன். ஐந்து மணி ஆயிற்று. இருமல் இல்லை. மழை இரைச்சல், எதிர்க் கட்டடத்தில் தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் சத்தம், வேறொன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. லயத்தில் புரண்டு படுத்தது போலவே வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். ஓட்டையைப் பார்த்து "அக்கா" என்றேன். பதில் இல்லை. தரையில் ஏதோ உரசுகிற சத்தம் மட்டும்.

இதிலிருந்து பல கதைகள் இப்போது ஊரில் உலவுகின்றன. எல்லாம் என்னிடமிருந்து கிளம்பியவை. நான் தோளால் மோதியதில் கதவு மூன்றாகப் பிளந்தது. அக்காவை ஒரு கையில் ஏந்தினேன், மறுகையால் வண்டி ஓட்டினேன். பேராதனை வீதி முழுக்க ஒலிபெருக்கியில் "வழி விடுங்கள், உயிர் போகிறது" என்று முழங்க, ஒரு பஸ் பயந்து மகாவலியில் பாய்ந்து அக்கரை ஏறிப் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் டொக்டர்மார் இரு வரிசையாக நின்று வரவேற்றார்கள்.

அக்கா பிழைத்துவிட்டார். நாலு நாளில் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, என் வீரப் பிரதாபத்தை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி தம்பி. நான் இருமாததக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நீ எப்ப வாய மூடின?"

தேத்தண்ணி வைக்க எழுந்தேன்.

எதிர்க் கட்டடத்துக்கு அதே இஞ்சினியர் மிஸ்தான். தொப்பி இப்போது வெள்ளை. தனி ஆட்கள் கேட்டால் அந்தச் சின்னக் கட்டம் வைத்துத் தருவதாகச் சொல்கிறாராம். ஒரு புது ஜோடி வேண்டவே வேண்டாம் என்று ஓடிவிட்டது. இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கட்டடம் மச்சான், நிமிர்ந்து வருகிறது. மூலைகளில் நூல் பிடித்துப் பார்த்தேன். உன் அளவுக்கு இல்லை.

நீ எனக்கு விட்டுப்போனது தூக்குக்குண்டும் இல்லை, மேசன் கரண்டியும் இல்லை. அவற்றை உன் மகள் வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பது காலை ஐந்து மணிக்கு ஒரு கால் மணி நேர மௌனம். சுமக்கிறதிலேயே பாரமானது அதுதான். மற்ற நேரத்தில் அதற்கும் சேர்த்துப் பேசிவிடுகிறேன்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதவு பிளக்கவில்லை, அக்காவின் மாற்றுச் சாவி என் அலுமாரிக்குள் இருந்தது, திறந்துகொண்டு போனேன். தூக்கியது நான் மட்டுமில்லை, உன் மனைவியும் மகளும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒலிபெருக்கிக்கு அன்று பற்றரி இல்லை. பஸ்ஸை ஆற்றிலிருந்து எடுத்து வீதியில் விட்டுவிடு, டொக்டர்மாரைக் கலைத்து அனுப்பிவிடு. என் முதுகில் எந்த வலியும் இருந்ததில்லை. அது உனக்கு அன்றே தெரியும்.

அக்காவின் இருமல் வரவில்லை. அது வராதது எனக்குக் கேட்டது. அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.